உள்ளடக்கிய தலைமைத்துவமும் இளம் ஊழியர்களின் புதுமையும்

உள்ளடக்கிய தலைமைத்துவம் என்பது, வயதிலும் பதவியிலும் குறைந்தவரின் கருத்தையும் கேட்டு, முடிவெடுப்பதில் அவருக்கும் இடம் தரும் தலைமை முறையாகும். இளம் ஊழியர்களிடம் யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. தவறாகப் பேசிவிடுவோமோ என்ற அச்சமே அவர்களை அமைதியாக்குகிறது.

இங்ரிட் நெம்பார்ட், ஏமி எட்மண்ட்சன் ஆகியோர் 23 பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. அங்கே படிநிலையில் கீழே இருந்தவர்கள் மருத்துவர்களைவிடப் பேசத் தயங்கினர். கருத்துக் கேட்டு மதிக்கும் தலைவர் இருந்த பிரிவுகளில் இந்த வேறுபாடு குறைந்தது. சிசுவின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் ஓர் இளம் செவிலியர் வாய் திறக்காமல் இருப்பதன் விளைவைச் சொல்லத் தேவையில்லை.

கீரனூர் அமைந்துள்ள புதுக்கோட்டை மாவட்டத்திலேயே இதற்கு நெருக்கமான அனுபவம் ஒன்று உண்டு. 1990களின் தொடக்கத்தில் இங்கு அறிவொளி இயக்கம் நடந்தபோது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். இயக்கத்தின் தொண்டர்கள் சம்பள ஊழியர்கள் அல்லர்; அவர்களில் கிராமத்துப் பெண்கள் பலர். ஊர்விட்டு ஊர் செல்ல வழியில்லாததே பெண்களின் தன்னம்பிக்கையைக் குறைக்கிறது என்று உணர்ந்த ஆட்சியர், சைக்கிள் ஓட்டுவதையும் எழுத்தறிவுப் பணியின் ஒரு பகுதியாக்கினார். பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் தரும்படி வங்கிகளை வலியுறுத்தினார்.

முதலில் தொண்டர்கள் ஓட்டக் கற்றனர். அடுத்து, புதிதாக எழுதப் படிக்கத் தெரிந்துகொண்ட பெண்கள் முன்வந்தனர். பிறகு மற்றவர்களும் சேர்ந்துகொள்ள, ஆயிரக்கணக்கானோர் சாலைக்கு வந்தனர். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது பலர் ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். சிலருக்கு அதுதான் பிடித்தது. நடுவில் உள்ள பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் அல்லவா! பயன்படுத்தியவர்களே கண்டுகொண்ட வசதி இது.

இங்கே ஆட்சியர் ஊக்கமொழியோடு நிற்கவில்லை, கடனுக்கும் வழிசெய்தார். பல அலுவலகங்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஆலோசனைப் பெட்டி வைப்பார்கள், அதைத் திறந்து பார்க்க ஆள் இருக்காது. இரண்டு முறை பதில் வராவிட்டால் புதிதாகச் சேர்ந்தவர் மூன்றாம் முறை எழுதமாட்டார். யோசனை சொன்ன இளைஞருக்கு அதைச் சோதித்துப் பார்க்க வேலைநேரத்தில் சிறிது அவகாசமும் சிறு தொகையும் வேண்டும். கூட்டங்களில் மேலாளர் தம் கருத்தைக் கடைசியில் சொல்வது நல்லது. அவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அதையே வழிமொழிவார்கள். ஒரு யோசனையை ஏற்க முடியாதபோது, ஏன் என்ற காரணத்தையும் சொன்னவரிடம் தெரிவிக்க வேண்டும்.