டீசல் எஞ்சினும் அனுமான அளவையும்

மலையிற் புகை எழக் கண்டு ஆங்கே தீ உண்டெனத் துணிதல், அனுமானத்துக்கு அளவை நூலார் காட்டும் பழைய எடுத்துக்காட்டாகும். காரியமாகிய புகையைக் கொண்டு காரணமாகிய தீயை அறிதலின் அதனைக் காரிய ஏது என்பர். குளிர்ந்த காலைப்பொழுதில் இயங்க மறுக்கும் டீசல் காரின் குறையைக் காண்பதற்கும் இந்நெறியே துணையாகும். இதனைக் கைக்கொள்ளாது உறுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றுவோர் பொருளை இழப்பர். குறையின் மூலத்தையும் அறியார்.

பெற்றோல் எஞ்சினில் மின்பொறி எரிபொருளைப் பற்றவைக்கின்றது. ருடோல்ப் டீசல் என்னும் ஜேர்மன் பொறியியலாளர் 1897ஆம் ஆண்டில் அவுக்ஸ்பேர்க் நகரில் வெற்றியுடன் இயக்கிக்காட்டிய எஞ்சினுக்கு மின்பொறி வேண்டியதில்லை. இவ்வகை எஞ்சினின் சிலிண்டரினுள்ளே காற்று ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு கனவளவாக அமுக்கப்படுகின்றது. அதனால் அது 500 பாகை செல்சியசுக்கு மேற் சூடேற, அதனுட் சீறிப் பாயும் டீசல் தானே தீப்பற்றுகின்றது. குளிர்ந்த இரும்புச் சுவர்கள் இவ்வெப்பத்தைக் கவர்ந்துகொள்வதே தொல்லைக்கு மூலமாகும். அதனை ஈடுசெய்யவே கார் எஞ்சின்களில் குளோ பிளக் எனப்படும் சிறு மின்சூடாக்கி சிலிண்டர்தோறும் பொருத்தப்படுகின்றது.

ஆகவே எஞ்சின் தொடங்குதற்கு விரைவான சுழற்சி, வெப்பம், எரிபொருள், நல்ல அமுக்கம் என்னும் நான்கும் வேண்டும். இவற்றுள் எது குறைவென்பதை முறையாக ஆராய்தல் வேண்டும்.

முதலில் நோக்கற்பாலது சுழற்சி. ஸ்ரார்ட்டர் மோட்டார் எஞ்சினை மெல்லச் சுழற்றுமாயின், அமுக்கப்படும் காற்று சூடேறுமுன் வெப்பத்தை இழந்துவிடும். ஓய்வு நிலையில் நிறைவான 12 வோல்ற் பற்றரி ஏறக்குறைய 12.6 வோல்ற் காட்டும், 12.2 காட்டின் பாதியே எஞ்சியுள்ளது. குளிர் பற்றரியின் வலிமையைக் குறைக்கும். எஞ்சின் எண்ணெயையும் தடிப்பாக்கும். பற்றரி முனைகளிற் படிந்த அழுக்கும் இதே விளைவைத் தரும்.

சுழற்சி நன்றாயின், அடுத்துப் புகைக்குழாயை நோக்குக. எஞ்சின் சுழலும்போது வெண்புகை வருமாயின் எரிபொருள் உட்செல்கின்றது; ஆனால் எரியவில்லை. இவ்விடத்து மயக்கம் நேரக்கூடும். அவ்வெண்மை, தீயின் காரியமாகிய புகையன்று; எரியாத டீசலின் நுண்துளிப் படலமேயாகும். பனிமூட்டத்தைப் புகையென மயங்கித் தீ உண்டென்று கூறுதல் ஏதுப்போலியாதல் போல, இங்கும் புகையெனத் தோன்றுவது தீயின்மையையே உணர்த்துகின்றது.

ஆகவே வெண்புகை கண்டவிடத்துக் குளோ பிளக்கைச் சோதித்தல் வேண்டும். சாவியைத் திருப்பியவுடன் பிளக்குக்கு மின்சாரம் வருகின்றதா என மானியாற் பார்க்கலாம். வராவிடின் பியூஸ் அல்லது ரிலே பழுதாகியிருக்கலாம். வருமாயின், இணைப்பைக் கழற்றி ஒவ்வொன்றின் தடையையும் தனித்தனி அளக்க வேண்டும். பொதுவாக நல்ல பிளக் ஒரு ஓம் அளவோ அதற்குக் குறைவோ காட்டும். எரிந்துபோனது மின்சாரத்தைச் செல்லவிடாது. பிளக்குகள் அனைத்தும் நல்லனவாயின், தேய்ந்த வளையங்களாலோ வால்வுகளாலோ அமுக்கம் குறைந்துள்ளதா என அமுக்கமானி கொண்டு அறிதல் வேண்டும்.

புகையே தோன்றாவிடின், அவ்வின்மையும் ஓர் ஏதுவாகும். இதனை அநுபலத்தி என்பர். எரிபொருள் சிலிண்டரை அடையவில்லை என்பது இதனாற் பெறப்படும். இரவிற் குழாயினுட் காற்றுப் புகுந்து டீசல் தாங்கிக்குத் திரும்பியிருக்கலாம், வடிகட்டி அடைபட்டிருக்கலாம். கனடா போன்ற நாடுகளின் கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு பிரிந்து வடிகட்டியை அடைக்கும். அதனாலேயே ஆங்கு குளிர்காலத்துக்கெனத் தனி டீசல் விற்கப்படுகின்றது. நுவரெலியாவின் குளிர் அத்துணைக் கடுமையானதன்று. அங்கே மெழுகை ஐயுறுவதற்கு முன் மற்றைய காரணங்களை ஆராய்தலே முறையாகும்.

பொறுமையிழந்தோர் காற்றுக்குழாயில் ஈதர் தெளிப்பதுண்டு. சூடேறிய குளோ பிளக்கில் ஈதர் பட்டவுடன் காலத்துக்கு முன்னரே வெடித்தெரிந்து பிஸ்டனை உடைக்கக்கூடும். அருகில் நிற்போருக்கும் தீங்கு நேரலாம். சிறு செலவில் தீரவேண்டிய குறை எஞ்சினையே அழிக்கும் குறையாக மாறுவது இவ்வாறே.

காட்சி முன்னும் கருதல் பின்னுமாக அமைதலே அளவை நெறி. ஒரு சோதனை ஒரு வினாவுக்கு விடை தருதல் வேண்டும். இரண்டு உறுப்புகளை ஒருங்கே மாற்றியபின் எஞ்சின் இயங்குமாயின், கார் ஓடும். எது பழுதுற்றிருந்தது என்பதோ அறியப்படாமலே போகும்.