இஞ்சின் யார் கையில்?



மயிலாப்பூர் என்றால் தேர்த் திருவிழா. தியாகராய நகர் என்றால் துணிக்கடை. அடையாறு என்றால் ஆலமரம். இந்த மாநகரைப் பற்றி இப்படித்தான் பேசுகிறார்கள், படித்தவர்களும் பார்க்க வருபவர்களும். இம்மூன்றுக்கும் கிழக்கே ஒரு கடல் இருக்கிறது, கடலோரத்திலே நொச்சிக்குப்பம் இருக்கிறது, சீனிவாசபுரம் இருக்கிறது, அடையாற்று முகத்துவாரத்தைக் கடந்தால் ஊரூர்க் குப்பமும் ஆல்காட் குப்பமும் இருக்கின்றன, அங்கே பொழுது புலருமுன் அலையோடு மல்லுக்கட்டும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதெல்லாம் நினைவுக்கு வருவது, 'வஞ்சிரம் என்ன விலை?' என்று கேட்கும்போது மட்டும்தான்!

அந்த மனிதர்களின் படகுக்குப் பின்னால் தொங்குகிறதே, பழைய டூ-ஸ்ட்ரோக் இஞ்சின், அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். "அரசியல் பேசும் இடத்தில் இஞ்சின் எதற்கு?" என்று புருவம் நெரிக்கும் நண்பரும் இருப்பார். நெரிக்கட்டும். நடுக்கடலில் இஞ்சின் நின்றால் அன்றைய கூலி போயிற்று. கூலி போனால் கடன். கடன் வந்துவிட்டால், பிடித்த மீனுக்கு விலை சொல்லும் உரிமை, பிடித்தவனிடமிருந்து பணம் கொடுத்தவனிடம் போய்விடுகிறது. இது அரசியல் இல்லையென்றால் எதுதான் அரசியல்? 1923 மே முதல் நாள், இந்நாட்டிலே முதன்முதலாக மே தினம் கொண்டாடினாரே சிங்காரவேலர், அவர் பிறந்ததும் இதே கடற்கரையின் அயோத்தியாகுப்பத்தில்தான்.

கட்டுமரத்திற்குப் பழுது என்றால் கயிற்றை அவிழ்த்துக் கட்டத் தெரிந்தவன் மீனவன். மரம் எது, கட்டு எது, துடுப்பு எது, எல்லாம் அவன் கைக்குள் அடங்கிய கல்வி. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. அதற்குப் பின் இந்தக் கரையிலே ஃபைபர் படகுகள் பெருகின, இஞ்சின்கள் பெருகின. கொடுத்தவர்கள் படகைக் கொடுத்தார்கள், இஞ்சினைக் கொடுத்தார்கள்; இஞ்சினின் அறிவைக் கொடுத்தார்களா? அதுதான் கேள்வி.

இந்த இஞ்சினைக் கண்டவர்கள் யார் தெரியுமா? சிலிண்டருக்குக் கீழேயுள்ள கிராங்க் அறையையே பம்பு ஆக்கி, அங்கே கலவையை அழுத்தி மேலே அனுப்பும் டூ-ஸ்ட்ரோக் முறைக்கு 1891இல் உரிமை வாங்கியவர் இங்கிலாந்தின் ஜோசப் டே. அதை மேலும் எளிதாக்கி, பிஸ்டனே கதவுபோல் திறந்து மூடும் வழியைச் சொன்னவரோ, அவருடைய பட்டறையிலே வேலை பார்த்த பிரடரிக் காக்! நார்வேயில் 1877இல் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா போய், இயந்திரத் தொழிலாளியாக வளர்ந்த ஓலே எவின்ரூட், படகின் முதுகிலே மாட்டிக் கழற்றும் மோட்டாரை 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். பட்டறையிலே பிறந்த பொருளய்யா இது! பாட்டாளியின் கைக்குப் புரியாமல் போகுமா?

இந்தக் கரைக்கு அது ஏன் பொருந்தியது? இங்கே துறைமுகம் இல்லை. திறந்த மணல், உடையும் அலை. 1979இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தின் அலுவலகம், மயிலைக்குப் பக்கத்தில் அபிராமபுரத்திலேதான் இருந்தது. துறைமுகமில்லாக் கரையில் மோட்டார் படகை எப்படி இறக்குவது, எப்படி ஏற்றுவது என்று அங்கே ஆண்டுக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கரையை நெருங்கும்போது விசிறியை மேலே தூக்க வேண்டும். இல்லாவிட்டால் மணல் அதைத் தின்றுவிடும். அவுட்போர்டு இஞ்சினோ சாய்த்தால் சாய்கிறது. எட்டுக் குதிரைத் திறன் இஞ்சின் முப்பது கிலோவுக்குள். ஒருவன் தோளிலே தூக்கிக்கொண்டு வீட்டுக்கே நடந்துவிடலாம். வால்வு இல்லை, கேம் இல்லை. கெட்டுப் போவதற்கே குறைந்த பொருள்கள்!

ஆனால், கெட்டுப்போகிறது. ஏன்?

முதல் குற்றவாளி எண்ணெய். இந்த இஞ்சினுக்குத் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலிலே கலந்த எண்ணெய்தான் தாங்கிக்கும் பிஸ்டனுக்கும் உயிர். பழைய இஞ்சின் சிலவற்றுக்கு 25க்கு 1, பின்னால் வந்தவற்றுக்கு 50க்கு 1. பத்து லிட்டருக்கு 400 மில்லி, அல்லது 200 மில்லி. எது என்பது இஞ்சினோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. "கண்ணளவு போதும் அண்ணே" என்று ஊற்றினால், குறைந்தால் பிஸ்டன் இறுகும், கூடினால் பிளக் கரியேறும், புகை மண்டும். கண்ணளவு குழம்புக்கு ஆகும், இஞ்சினுக்கு ஆகாது.

மண்ணெண்ணெய்யில் ஓடும் இஞ்சினானால் இன்னொரு விதி உண்டு. பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பின்புதான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். கரை தெரிந்ததும் திரும்பவும் பெட்ரோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓட்டித்தான் நிறுத்த வேண்டும். மறந்தால், கார்புரேட்டரிலே மண்ணெண்ணெய் தங்கும். மறுநாள் விடியலில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றாலும் இஞ்சின் கண் திறக்காது.

ஊரூர்க் குப்பத்திலே ஒரு பெரியவரைக் கேட்டோம்.

"என்ன அண்ணே, புது இஞ்சின் மாதிரி இருக்குது, நின்னுடுச்சா?"

"தண்ணி துப்பலப்பா. கவனிக்கல. சூடாயிடுச்சு."

நான்கே சொல்லில் முழு வரலாறு! இஞ்சின் கடல்நீரைக் குடித்துத்தான் தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. உள்ளே சிறு ரப்பர்ச் சக்கரம், இம்பெல்லர் என்பார்கள், நீரை மேலே ஏற்றுகிறது. பின்பக்கத் துளையிலிருந்து நீர் பீறிட்டால் நலம். நின்றால் உடனே இஞ்சினையும் நிறுத்து! நம் கரையிலே இம்பெல்லருக்கு எமன் மணல். முழங்கால் ஆழத்திலேயே இஞ்சினைக் கிளப்பினால், கலங்கிய மணலும் சேர்ந்து உள்ளே போய் ரப்பரை அராவிவிடுகிறது. துடுப்பால் நாலு தள்ளுத் தள்ளி, ஆழம் வந்தபின் கயிற்றை இழுப்பவனுடைய இம்பெல்லர் அதிக நாள் உழைக்கிறது. விலை குறைந்த அந்த ரப்பரை ஆண்டுக்கொரு முறை மாற்றாமல், இஞ்சின் கழுத்திலே எலுமிச்சம்பழத்தைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள்! எலுமிச்சம்பழம் தண்ணீரை ஏற்றுமா தோழர்களே?

அடுத்தது உப்பு. கரையேறியதும் நல்ல தண்ணீரில் இஞ்சினை ஓட்டிக் கழுவ வேண்டும் என்கிறது புத்தகம். எழுதியவர் குப்பத்துக் குடங்களின் வரிசையைக் கண்டவரல்லர். 2019 கோடையிலே சென்னையின் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குத் தாய்மார்கள் நள்ளிரவிலும் விழித்திருந்தார்கள். குடிக்கக் குடமில்லை, இஞ்சினுக்கு டிரம்மா? நியாயமான கேள்விதான். பாதியாக அறுத்த டிரம்மிலே, நீர் உறிஞ்சும் துளை மூழ்குமளவு ஊற்றி, ஐந்து நிமிடம் மெதுவாக ஓட்டினால் போதும். துப்பிய நீர் அதே டிரம்மில்தான் விழும். இரண்டு மூன்று படகுக்கு அதே நீர் ஆகும். அதற்குமேல் அதுவும் உப்பாகிவிடும். ஏலக்கூடம் கட்டும் அரசும் மாநகராட்சியும், கரையோரம் கழுவுவதற்கென்று ஒரு குழாயும் போடட்டும் என்று கேட்கிறோம். பெரிய கோரிக்கையா இது?

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, அலையிலே படகு கவிழ்ந்து இஞ்சின் கடல்நீர் குடிப்பது. அப்போது பதறிப்போய்க் கயிற்றை இழுக்கிறார்கள். இழுக்காதே! சிலிண்டருக்குள் நீர் நிற்கும்போது பிஸ்டன் ஏறினால், நீர் அழுந்தாது. கனெக்டிங் ராடுதான் வளையும். முதலில் பிளக்கைக் கழற்று. துளை கீழ்நோக்க இஞ்சினைக் கவிழ்த்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி நீரை வெளியேற்று. நல்ல தண்ணீரால் உள்ளும் புறமும் கழுவு. உலர்த்தி, எண்ணெய்க் கலவை விட்டுச் சுற்று. கார்புரேட்டரைத் துடை, பாயிண்டையும் காயிலையும் காயவை, அன்றைக்கே கிளப்பி அரைமணி ஓட்டு. அன்றைக்கு முடியாதென்றால்? வெயிலில் காயப்போடாதே, நல்ல தண்ணீர்த் தொட்டியிலே முழுக்கவே அமிழ்த்தி வை! வியப்பாக இருக்கும். உப்பும் காற்றும் கூடும்போதுதான் எஃகுத் தாங்கியைத் துரு தின்கிறது. காற்றில்லாமல் நல்ல தண்ணீரில் கிடந்தால் ஓரிரு நாள் பிழைக்கும். மெக்கானிக் வருகிற வரையில் மணலிலே கிடத்திவைத்த இஞ்சின்தான் மறுவாரம் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது.

மெக்கானிக்கைக் குறை சொல்லவில்லை நாம். அவரும் உழைப்பாளிதான். ஆனால், பத்துப் பதினைந்து படகுக்கு ஒருவராவது, பிளக்கும் இம்பெல்லரும் மாற்றத் தெரிந்த இளைஞர், குப்பத்துக்குள்ளேயே வேண்டும். கிண்டியிலே தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. ஊரூரிலிருந்து எட்டிப்பிடிக்கும் தொலைவு. மாதம் இரண்டு நாள் அந்தப் பயிற்சி கடற்கரைக்கு இறங்கி வந்தால் என்ன?

டூ-ஸ்ட்ரோக்கின் குறையையும் மறைக்க மாட்டோம். குடிக்கும் எரிபொருளிலே கால் பங்கு வரையில் எரியாமலே புகையோடு வெளியேறுகிறது; காசும் கரைகிறது, கடலும் கெடுகிறது. ஃபோர்-ஸ்ட்ரோக் வரட்டும், வரவேற்போம். வாங்கப் பணம் சேரும் வரையில், இருப்பதைச் சீராக வைத்திருப்பவனுக்குச் செலவும் குறைவு, புகையும் குறைவு.

ஐப்பசி, கார்த்திகைப் புயல் நாட்களில் படகு பல நாள் கரையிலே கிடக்கும். அதற்குமுன் எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டர் வற்றும்வரை ஓட்டி நிறுத்துங்கள். பிளக் துளையில் சிறிது எண்ணெய் விடுங்கள். கியர் எண்ணெயைத் திறந்து பாருங்கள். மோர்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது, விசிறித் தண்டிலே வலை நூல் சுற்றி சீலை அறுத்திருக்கும். இஞ்சினைப் படுக்கப் போடாமல் நிமிர்த்தி மாட்டுங்கள். வாரம் ஒருமுறை கயிற்றை மெல்ல இழுத்து, பிஸ்டனை ஓர் அங்குலமாவது நகர்த்தி வையுங்கள்.