கரிசல் மண்ணும் இலேசான வீடும்

ஐப்பசி மழைக்கு முன்பாக வானம் தோண்டிப் பேஸ்மட்டம் வரையிலாவது எழுப்பிவிட வேண்டும் என்ற அவசரத்தில் மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, வருசநாடு வட்டாரத்து வாசகர்கள் எழுதியிருக்கும் கடிதங்களில் ஒரே கலக்கம் தென்படுகிறது. செம்மண் மனையில் கட்டியவருக்கு 4 அடியோடு முடிந்த அஸ்திவாரம், தம் மனை கரிசல் என்பதால் 7 அடிக்குப் போக வேண்டும் என்று கொத்தனார் சொல்வது மெய்யா, கூலியைக் கூட்டும் உபாயமா என்பதே அது. பெரும்பாலும் மெய்தான்.

கரிசல் கோடையில் பிளப்பதையும் மழையில் உப்புவதையும் இப்பக்கத்தாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதிகம் பேர் யோசித்திராத விஷயம் வேறொன்று உண்டு. ஒற்றை மாடிகூட இல்லாத சிறு வீட்டின் சுவர், 3 அடி அகல அஸ்திவாரத்தின் வழியாகச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3 முதல் 5 டன் பாரத்தையே மண்ணின்மேல் வைக்கிறது. வீரியமுள்ள கரிசலோ நனைந்து உப்பும்போது மேல்நோக்கித் தள்ளும் விசை அதே பரப்புக்கு 10 டன்னையும் மிஞ்சக்கூடும். பாரம் தோற்று மண் வெல்கிறது. அதுவும் ஒரே சீராக வெல்வதில்லை. மழையிலும் வெயிலிலும் சுவரோரத்து மண் ஏறி இறங்க, வீட்டின் நடுவே மூடுண்ட மண் அவ்வாறு அசையாதிருப்பதால், ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறது. கதவு நிலையில் இடித்து நிற்கிறது. கட்டடம் எவ்வளவுக்கெவ்வளவு இலேசோ அவ்வளவுக்கவ்வளவு ஆபத்து அதிகம் என்ற இந்த நியதியே என்னை மிகவும் சஞ்சலப்படுத்துகிறது. ஏனெனில் இலேசான வீடு என்பது ஏழையின் வீடு.

2024-25இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு ரூ. 3.5 லட்சம் வழங்கப்படுகிறது. அதிகாரிகளின் பாஷையில் அலகுத் தொகை எனப்படும் இது, ஒரு வீட்டை நிர்மாணிக்கத் தேவையான பணம். நடைமுறையில், மனையின் மண் எதுவென்று கேளாமலே நிர்ணயிக்கப்பட்ட பணம். மத்திய அரசின் கிராமப்புற வீட்டுத் திட்டம் சமவெளிக்கு ரூ. 1.20 லட்சம், மலைப்பகுதிக்கு ரூ. 1.30 லட்சம் என்று பேதம் காட்டுகிறதேயன்றி, கரிசலுக்கென்று ஒரு ரூபாயும் கூட்டவில்லை. வேலை உத்தரவுக்கு முன்பே மண்ணைச் சோதித்து, கரிசல் மனைகளுக்குத் தனித்தொகை சேர்ப்பதே நியாயம் என்பது என் அபிப்பிராயம். அஸ்திவாரம் மூடப்பட்ட பிறகு அதன் ஆழத்தை எந்த அதிகாரியும் கண்ணால் அளக்க முடியாதாகையால், பணம் போதாத குடும்பம் முதலில் கைவைப்பதும் அந்த ஆழத்திலேதான்.

கூடுதல் செலவை எளிதில் கணிக்கலாம். இத்தகைய வீட்டுக்கு உட்சுவரும் சேர்த்து 100 அடி நீளச் சுவர் என்று கொண்டால், 3 அடி அகலத்தில் மேலும் 3 அடி தோண்டுவதென்பது 900 கன அடி, அதாவது 9 யூனிட் மண்ணை அள்ளிப்போட்டு, அதே அளவு கிராவலைக் கொண்டுவந்து, அரையடி அரையடியாக நீர் தெளித்து இடித்து இறுக்குவதாகும். லாரி வாடகை குவாரியின் தூரத்தைப் பொறுத்தது.

அவ்வளவு தோண்ட அவசியமா என்று அறிய, இந்தியத் தர நிர்ணயத்தில் எளிய சோதனையொன்று இருக்கிறது. உலர்த்திச் சலித்த மண்ணில் பத்துப் பத்து கிராமை இரண்டு கண்ணாடி அளவுக்குழல்களில் இட்டு, ஒன்றில் வாலைநீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றி, 24 மணி நேரம் அசையாமல் வைக்கிறார்கள். மண்ணெண்ணெயில் களி உப்புவதில்லை. ஆகவே அதுவே உரைகல். எண்ணெயில் 10 மில்லி உயரத்தில் படிந்த மண், நீரில் 16 மில்லிக்கு எழுந்திருந்தால் வீக்கம் 60 சதவீதம். 50ஐத் தாண்டினாலே மிகக் கடுமையான கரிசல் என்று கொள்ள வேண்டும். 20க்குக் கீழானால் கொத்தனாரிடம் தாராளமாகத் தர்க்கம் செய்யலாம்.

கரிசல் மிக ஆழமாக ஓடும் இடங்களுக்கென்று ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய அண்டர்ரீம்டு பைல் உண்டு: சுமார் 3.5 மீட்டர் ஆழத் துளையின் அடியைத் தண்டைப்போல் இரண்டரை மடங்கு அகலமாகக் குடைந்து கான்கிரீட் நிரப்ப, ஈரம் ஏறி இறங்காத ஆழத்தில் அந்தக் குமிழ் வீட்டைப் பிடித்துக்கொள்கிறது. மேலே பைல்களை இணைக்கும் உத்தரத்துக்கும் தரைக்கும் இடையே குறைந்தது 8 செ.மீ. வெற்றிடம் விடுகிறார்கள், மண் உப்பினாலும் உத்தரத்தைத் தொடாது.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாகவே பதில் தருகிறேன். வேளாண்மைத் துறையின் மண்வள அட்டை போதுமா? போதாது, அது உரத்துக்கானது. பெல்ட் கான்கிரீட் மட்டும் போட்டால்? விரிசல் குறையும், நிற்காது. மாடியும் சேர்த்துக் கட்டிப் பாரத்தைக் கூட்டலாமா? நனைந்த களி அமுங்கிவிடும். பொறியாளரைக் கேளாமல் வேண்டாம். வேப்பமரம்? அது வளரக்கூடிய உயரத்தின் அளவாவது தள்ளி நடுங்கள். உறிஞ்சுகுழி? சுவரோரம் கூடவே கூடாது. விரிசல் விட்ட பழைய வீடு? கூரைநீரும் குளியலறை நீரும் சுவரடியில் இறங்காமல் தடுத்து, விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் குறியிட்டு, ஒரு மழையும் ஒரு கோடையும் பார்த்த பிறகே பூச வேண்டும்.