வீட்டுப் பம்பைப் பிரித்துச் சுத்தம் செய்தல்

கடன் மனுக்களைப் பரிசீலிக்கும் நமது அலுவலில், வீட்டுக்குப் புதிய பம்பு வாங்கப் பணம் கோரும் மனுக்களை அடிக்கடி காண்கிறோம். பழையது எரிந்துவிட்டது என்பதே பெரும்பாலும் காட்டப்படும் காரணம். நேரில் சென்று விசாரிக்குங்கால், கம்பிச் சுருள் உண்மையில் எரிந்தவை சிலவே என்பதும், நீர் செல்லும் பாகத்தில் துருவும் சுண்ணமும் சேர்ந்து இறுகிப்போனவையே மிகுதி என்பதும் தெரியவருகின்றன. ஒரு பிற்பகல் வேலையில் தீரக்கூடிய குறைக்காக அங்கத்தினர் ஒருவர் மாதந்தோறும் தவணை கட்ட நேர்வது வருந்தத்தக்கது. பாவுக்குப் பசையிடவும் நூலுக்குச் சாயமிடவும் நீர் வேண்டிய நெசவாளர் இல்லத்தில், இரண்டு நாள் நீர் நின்றால் தறியும் நின்றுவிடும்.

நாம் இங்குக் கருதுவது, வீடுகளில் பரவலாக உள்ள அரைக் குதிரைத்திறன் பம்பு. மோட்டாரும் பம்பும் ஒரே தண்டில் அமைந்த இதன் நீர்ப்பாகத்தினுள், விளிம்பெங்கும் சிறு பற்களையுடைய பித்தளைச் சக்கரம் ஒன்று சுழல்கிறது. இதனை இம்பெல்லர் என்பர். இச்சக்கரத்திற்கும் இரும்பு உறைக்கும் இடையேயுள்ள இடைவெளி மிகச் சிறிது. அதனாற்றான் ஒரு மாதம் ஓடாதிருந்த பம்பு, சிறிது துரு பிடித்த அளவிலேயே அசைய மறுக்கிறது.

பிரிக்கத் தொடங்குமுன் குறை எங்குள்ளது என்று தெளிதல் வேண்டும். மோட்டார் நன்கு ஓடியும் நீர் ஏறவில்லையெனில் பம்பைத் தொட வேண்டுவதில்லை. கிணற்றினுள் இருக்கும் புட்வால்வில் குப்பை சிக்கி நீர் கீழே வடிந்திருக்கலாம். அல்லது உறிஞ்சு குழாயின் இணைப்பில் காற்று புகலாம். மற்றொன்றும் உண்டு. பம்பு நீரை இழுப்பதாக நாம் சொன்னாலும், உண்மையில் நீரை மேலே தள்ளுவது காற்றின் அழுத்தமே. அவ்வழுத்தம் சுமார் 10.3 மீட்டர் உயர நீரைத்தான் தாங்கவல்லது. நடைமுறையில் 7 மீட்டருக்கு மேல் எதிர்பார்த்தல் கூடாது. கோடையில் கிணற்று நீர் அதற்குக் கீழே இறங்கிவிட்டால், எத்தனை முறை பிரித்துத் துலக்கினும் பயன் இராது. பம்பையே கீழே இறக்கி வைக்கவேண்டும்.

மோட்டார் சுழலாமல் உறுமினால் உடனே நிறுத்துக. சில நிமிஷம் அப்படியே விட்டாலும் சுருள் சூடேறி, பொய்யாகச் சொன்ன காரணம் மெய்யாகிவிடும்! மின் தொடர்பை அறவே நீக்கியபின் பின்புற விசிறியைக் கையால் சுற்றிப் பார்க்கலாம். எளிதில் சுற்றினால் ஐயம் கண்டென்சர் மீது செல்லும். அது தொடர்பை நீக்கிய பின்னும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் பொருளாதலின், அதனை மின் பணியாளரிடம் விட்டுவிடுவதே முறை. விசிறி அசையவில்லையெனின் நீர்ப்பாகத்தைத் திறக்கலாம்.

தொடர்பை நீக்குதல் என்பது சுவிட்சை அணைத்தல் மட்டுமன்று. பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். பழைய வீடுகளில் கம்பிகள் மாறி இணைக்கப்பட்டிருப்பின், சுவிட்சு அணைந்த பின்னும் பம்பில் மின்சாரம் நிற்கக்கூடும்.

உறைக்கும் உடலுக்கும் குறுக்கே ஆணியால் ஒரு கோடு கீறிக்கொண்டு, போல்ட்டுகளைக் கழற்றி உறையை எடுக்கவும். கழற்றும் ஒவ்வொன்றையும் பழந்துணி ஒன்றின்மேல் கழற்றிய வரிசையிலேயே வைத்துவருக. விழுதில் ஓர் இழை மாறினால் துணி முழுதும் பழுதுபடுவதை அறிந்த நம் நெசவாளருக்கு இதை விரித்துரைக்க வேண்டா. இம்பெல்லர் பிடித்திருந்தால் சுத்தியால் அடிக்கலாகாது. பல் வளைந்தால் அச்சக்கரம் வீணே. துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓரிரவு பொறுத்திருந்து, எதிரெதிர்ப் பக்கங்களில் இரு திருப்புளிகளால் மெல்ல நெம்பினால் தானே வழிவிடும்.

பித்தளையின் மீது படிந்த சுண்ணத்தைப் போக்கக் கடையில் அமிலம் வாங்குவோர் உளர். அது பித்தளையையும் இரும்பையும் சேர்த்தே தின்றுவிடும். வீட்டுப் பெண்கள் குடம் துலக்கும் புளிக்கரைசல் போதும். சற்று நேரம் ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்க்கலாம். இரும்பு உறைக்கு நாரும் நீருமே தகும்.

சக்கரத்தின் பின்னால் இருப்பது சீல். மோட்டாருக்கும் பம்புக்கும் இடையில் நீர் சொட்டினால் குற்றவாளி இதுவே. கரியாலான முகம் ஒன்றும் பீங்கான் போன்ற முகம் ஒன்றும் உராய்ந்து நீரைத் தடுக்கின்றன. அம்முகங்களில் ஒரு கீறல் இருப்பினும் புதிது வாங்குவதே சிக்கனம். பழையதைக் கையோடு கொண்டுசென்று அளவு ஒத்ததைப் பெறுக. புதிய முகங்களில் விரல் படலாகாது. தண்டில் ஏற்றுகையில் ரப்பருக்குச் சோப்பு நீர் தடவினால் எளிதில் ஏறும்.

திரும்பப் பூட்டும்போது, பழைய பேக்கிங் எத்துணைக் கனமோ அதே கனத்தில் புதியதை வெட்டி வைக்கவேண்டும். கனம் கூடினால் இடைவெளி கூடி நீர் குறையும். குறைந்தால் சக்கரம் உரசும். போல்ட்டுகளை ஒன்றை முழுதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குச் செல்லாமல், எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்குக. ஒவ்வொரு சுற்றுக்கும் விசிறியைக் கையால் திருப்பிப் பார்த்தல் நலம். குழாய் மரைக்குச் சுற்றும் வெள்ளை நாடாவை மரை ஏறும் திசையிலேயே சுற்றாவிடில், பூட்டும்போதே அவிழ்ந்து காற்றுக்கு வழிசெய்யும்.

இறுதியில் குமிழி வருவது நிற்கும்வரை பம்பினுள் நீர் ஊற்றி, மூடியை அடைத்த பின்னரே ஓட்டுக. நீரின்றி ஓடினால் புதிய சீல் சில நிமிஷங்களில் கருகிவிடும். முதல் ஓட்டத்தில் சீலின் அடியில் இரண்டொரு துளி கசிந்தால் அஞ்சவேண்டாம். முகங்கள் பொருந்தியதும் நிற்கும். கால் மணி கழித்தும் சொட்டினால் போல்ட்டுகளை மேலும் இறுக்காமல், பிளக்கைப் பிடுங்கிவிட்டு மீண்டும் திறந்து, சீல் நேராக அமர்ந்துள்ளதா என்று பார்க்கவும்.