திமிங்கலத்தின் உடலில் துணி ரசாயனம்

திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆறு காவிரியில் கலக்கிறது. காவிரி முக்கொம்பில் பிரிந்து, கொள்ளிடமாகப் பழையாறு அருகே வங்கக்கடலைச் சேர்கிறது. அங்கிருந்து சற்று வடக்கே பரங்கிப்பேட்டை. அந்தக் கடலில் வாழும் ஓங்கில்களின் (டால்பின்களின்) கொழுப்பை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வாளர்களும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷின்சுகே தனாபேயும் சேர்ந்து ஆராய்ந்து 1993இல் முடிவை வெளியிட்டார்கள். கொசுவுக்கு அடித்த டி.டி.டி., வயலில் தூவிய பி.எச்.சி., மின்மாற்றி எண்ணெயில் இருந்த பி.சி.பி. எல்லாம் அதில் இருந்தன.

இவை தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். மிதவை உயிரியைச் சிறுமீன் தின்னும், சிறுமீனைப் பெருமீன் தின்னும். இரை செரித்துவிடும், ரசாயனம் தங்கிவிடும். படிக்குப் படி அடர்த்தி ஏறும். உச்சிப்படியில் இருப்பவை பல்லுள்ள திமிங்கலங்களும் ஓங்கில்களும். தோலுக்கடியில் தடித்த கொழுப்பு, நீண்ட ஆயுள், இந்த நஞ்சைச் சிதைக்கும் திறனோ குறைவு. என்னை மிகவும் உலுக்குவது தாய்ப்பால் விஷயம்தான். தாய்த் திமிங்கலம் பல ஆண்டுகளாகச் சேர்த்த நஞ்சில் பெரும்பகுதி, கொழுப்பு மிகுந்த பால் வழியே தலைச்சன் குட்டிக்கு இறங்கிவிடுகிறது. ஆணுக்கு அந்த வழியும் கிடையாது. சாகும்வரை ஏறிக்கொண்டே போகும்.

2016 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் டைரீ தீவில் லூலு என்ற ஓர்க்கா திமிங்கலம் செத்து ஒதுங்கியது. அதன் கொழுப்பில் கிலோவுக்கு 957 மில்லிகிராம் பி.சி.பி. இருந்தது. உடல் பாதிக்கத் தொடங்கும் அளவு ஏறத்தாழ 9தான். கயிற்றில் சிக்கித்தான் லூலு இறந்தது. ஆனால் வளர்ந்த பெண்ணான அது ஒரு குட்டிகூட ஈன்றதில்லை என்பதைச் சினைப்பை காட்டிக்கொடுத்தது.

துணித்தொழிலோடு நேரடி உறவுள்ளது வேறொரு ரசாயனக் குடும்பம்: பி.எஃப்.ஏ.எஸ். கார்பனும் ஃபுளூரினும் இறுகப் பிணைந்த இதை வெயிலும் பாக்டீரியாவும் உடைப்பது அரிது. இது கொழுப்பை விட்டுவிட்டு ரத்தப் புரதத்தையும் கல்லீரலையும் பிடித்துக்கொள்ளும். உலகின் மூலைமுடுக்கில் வாழும் விலங்குகளிலும், துருவக்கரடி உட்பட, இதில் ஒரு வகை பரவிக் கிடப்பதை 2001இல் வெளிக்கொண்டுவந்த இருவரில் ஒருவர் தமிழரான குருந்தாசலம் கண்ணன். மற்றவர் ஜான் கீஸி.

திருப்பூரின் சாதாரணப் பருத்திப் பனியனுக்கு இது தேவையே இல்லை. ஈரம் ஒட்டாத, கறை படாத துணி கேட்டு வரும் ஆர்டர்களில்தான் 'வாட்டர் ரிபெல்லன்ட்' பினிஷிங் வருகிறது. துணியைக் கரைசல் தொட்டியில் முக்கி, ரோலரில் பிழிந்து, ஸ்டென்டர் எந்திரத்தில் சுமார் 150 டிகிரிச் சூட்டில் ஓட்டி எடுப்பார்கள். வெளியே வந்த துணிமேல் தண்ணீர் தெளித்தால் தாமரை இலையில்போல முத்து முத்தாக உருளும். அதற்குப் பயன்படும் கெமிக்கல்களில் ஃபுளூரின் வகையும் ஒன்று. தொட்டியில் மிஞ்சுவதற்குச் சாயம்போல நிறம் கிடையாது.

அதுதான் சிக்கல். 1992இல் பாசனத்துக்கென்று நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாக மாறியதை ஊரே கண்ணால் பார்த்தது. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் 'ஜீரோ டிஸ்சார்ஜ்' இல்லாமல் திறக்க முடியாது என்றானது. அந்தச் சுத்திகரிப்பில் உள்ள ஆர்.ஓ. சவ்வு பி.எஃப்.ஏ.எஸ். ரசாயனத்தையும் பெருமளவு தடுத்துவிடும், ஆனால் அழிக்காது. தடுத்தது ரிஜெக்ட் நீரோடு எவாப்பரேட்டருக்குப் போகும். கடைசியில் மீட்ட உப்பில் எவ்வளவு, சகதியில் எவ்வளவு என்று அளந்தாக வேண்டும். ஜவுளிக் கழிவுநீருக்கு மத்திய அரசு 2016இல் அறிவித்த தர அளவுகளில் நிறம், சி.ஓ.டி., டி.டி.எஸ்., குரோமியம் எல்லாம் உண்டு, பி.எஃப்.ஏ.எஸ். இல்லை.

துணியில் தங்கியதும் முழுக்கத் தங்குவதில்லை. வாங்கியவர் வீட்டு வாஷிங் மெஷினில் துவைக்கத் துவைக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, அந்த ஊர்ச் சாக்கடை வழியே கடலுக்குப் போகிறது. எந்த ஊர்த் துணி எந்தத் திமிங்கலத்துக்குப் போனது என்று விரல் நீட்ட முடியாது. ஆனால் மூலத்தில் நிறுத்த முடியும். பிரான்ஸ் 2026 ஜனவரி 1 முதல் பி.எஃப்.ஏ.எஸ். கலந்த ஆடைகளின் விற்பனையைத் தடை செய்து சட்டம் இயற்றியிருக்கிறது. பாரஃபின் மெழுகு, சிலிகான் அடிப்படையிலான மாற்றுக் கெமிக்கல்கள் சந்தையில் உள்ளன. எண்ணெய்க் கறையை அவை அவ்வளவாகத் தடுக்காது. மழைத் தண்ணீரைத் தடுக்கும். மழைக்கோட்டுக்கு அது போதும். பையர் கேட்கும்வரை காத்திருக்காமல், கெமிக்கல் கேன் வாங்கும்போதே அதில் ஃபுளூரின் உண்டா என்று பினிஷிங் பட்டறைகள் சப்ளையரிடம் எழுத்தில் கேட்டு வாங்கலாம்.