வேலைக்காரியின் தொப்பி

இப்சன் 1890இல் எழுதிய ‘ஹெட்டா காப்ளர்’ நாடகத்தில் திரை விலகியதும் நாயகி வருவதில்லை. வேலைக்காரி பெர்ட்டாவும் ஹெட்டாவுடைய கணவனின் அத்தையும் பேசிக்கொள்கிறார்கள். புது எசமானிக்குத் தன்னைப் பிடிக்குமோ என்று பெர்ட்டா கலங்குகிறாள். தளபதியின் மகளை நமக்கு முதலில் காட்டுவது இந்த அச்சம்தான்.

தன்னோடு தெருவில் நடக்க ஹெட்டா வெட்கப்படக் கூடாதென்று அத்தை புதுத் தொப்பி வாங்கியிருக்கிறாள். அதைப் பார்த்து ஹெட்டா, வேலைக்காரி தன் பழைய தொப்பியை நாற்காலியில் போட்டுவிட்டாளே என்கிறாள். தெரிந்தே சொன்னது, இரண்டாம் அங்கத்தில் அவளே ஒப்புக்கொள்கிறாள். மூச்சுமுட்டும் மணவாழ்வில் அவள் படும் புழுக்கம் உண்மைதான். ஆனால் அதைத் தணிக்க அவள் கையில் எடுப்பது என்ன? ‘வேலைக்காரியுடையது’ என்பதே வசவாகிவிடுகிறது. பிறகு அத்தையைச் சமாதானப்படுத்த வழி தேடுகிறார்கள். பெர்ட்டாவிடம் யாரும் வருத்தம் தெரிவிப்பதில்லை.