அரசுப் பள்ளியின் பெயர்ப்பலகையில் சாதிக்கு என்ன வேலை?

திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் என்னும் ஊர் இருக்கிறது. 2018 ஜூலையில் அவ்வூர் அரசுப் பள்ளிக்கு அருந்ததியர் சமூகத்துப் பெண் ஒருவர் சத்துணவுச் சமையலராக மாற்றலாகி வந்தார். அவர் சமைத்ததைத் தம் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் திரண்டனர். அதிகாரிகள் அவர்களுக்குப் பணிந்து, சமையலரையே இடமாற்றம் செய்தனர். தீண்டாமைக்கு எதிரான இயக்கங்கள் போராடிய பின்னரே அந்த ஆணை ரத்தானது. ஏழு ஆண்டுகள் கழித்து, 2025 நவம்பரில் திருப்பூர் நீதிமன்றம் 6 பேருக்கு 2 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

குற்றம் சமையற்கூடத்தின் வாசலில் நிகழ்ந்தது. ஆயினும் அப்பள்ளியின் பெயரையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்கிறோம். ஒரு சாதியின் பட்டத்தை நெற்றியில் தாங்கி நிற்கிறது அரசின் கட்டடம். கொங்குப் பகுதியில் இத்தகைய பெயர்ப்பலகைகள் ஏராளம். பள்ளி, ஊராட்சி அலுவலகம், நியாயவிலைக் கடை என ஊர்ப்பெயரோடு சேர்ந்து சாதியும் அரசின் கையெழுத்தில் எழுதப்படுகிறது.

“அது வெறும் ஊர்ப்பெயர், யாரையும் புண்படுத்தவில்லை” என்பார்கள். அப்படியானால் அதே பதிவேட்டில் நம் குடியிருப்புக்கு என்ன பெயர் இருந்தது? ‘காலனி’. ஒரு பெயர் ஒருவரின் மூதாதையை நினைவுகூர்கிறது. மற்றது நம்மை ஒதுக்கி வைத்த தூரத்தை மட்டுமே நினைவூட்டுகிறது. அச்சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தது 2025 ஏப்ரல் 29 அன்றுதான்.

‘மரபு’ என்னும் வாதம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் தென் கரோலினாவில், அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட கூட்டமைப்பின் கொடியும் மரபின் பெயரால்தான் சட்டமன்றக் கட்டடத்தின் மீது பறந்தது. கறுப்பின மக்களின் தொடர் போராட்டத்தால் 2000இல் அது மாடத்திலிருந்து இறங்கி வளாகத்துக்கு வந்தது. 2015 ஜூனில் சார்லஸ்டன் தேவாலயத்தில் கறுப்பின மக்கள் 9 பேர் வெள்ளை இனவெறியனால் கொல்லப்பட்ட பிறகே, ஜூலை 10 அன்று முற்றிலும் அகற்றப்பட்டது. நம் நாட்டிலோ, ஜெய்ப்பூரில் ராஜஸ்தான் உயர்நீதிமன்ற வளாகத்தில் 1989இல் நிறுவப்பட்ட மனு சிலையை அகற்ற அந்நீதிமன்ற நீதிபதிகளே முடிவெடுத்தும், வழக்கின் தடையால் அது நின்றுவிட்டது. 2018இல் மகாராஷ்டிரத்திலிருந்து சென்ற இரு பெண்கள் அச்சிலைக்குக் கறுப்பு வண்ணம் பூசிக் கைதாகினர். நீதி கேட்டு வருபவரை அநீதியின் சின்னம் வரவேற்கலாமா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி.

தமிழ்நாட்டு வரலாறு மற்றொரு பாடத்தையும் தருகிறது. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டபோது, ஆதிக்கச் சாதியினர் அப்பேருந்துகளில் ஏற மறுத்தனர், கலவரம் மூண்டது. முடிவில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் சூட்டிய தலைவர்களின் பெயர்களை நீக்கியது. திருப்பூர் மக்கள் அறிந்த ‘சேரன்’ பேருந்தும் பெயரிழந்தது அப்போதுதான். அதுவரை தலைவர்களின் பெயர்களாக ஓடியவை, தேவேந்திரகுல வீரர் ஒருவரின் பெயர் பேருந்தில் ஏறியதும் சாதிப் பெயர்களாகிவிட்டன! பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், அன்று ஒரு பெயருக்காகப் பேருந்தையே புறக்கணித்ததை மறக்கலாகாது.

தெருப்பெயர்களில் சாதியை நீக்க 1978இலேயே அரசாணை வந்தது. பள்ளிப் பெயர்களில் நீக்குமாறு நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்தது. 2025 அக்டோபரில் மீண்டும் ஓர் அரசாணை வெளியானது. அதே மாதம் கோவை அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட மேம்பாலம் ‘ஜி.டி. நாயுடு’ என்ற பெயரைத் தாங்கியது. அறிவியலாளரின் அருமையை மறுப்பவர்கள் அல்லர் நாம். ஆனால் ஆணை பிறப்பிக்கும் கையே விதிவிலக்கும் எழுதினால், ஊராட்சிச் செயலர் எதைப் பின்பற்றுவார்?

பெயரை அழித்தால் சாதி அழிந்துவிடும் என்று நாம் நம்பவில்லை. பனியன் கம்பெனி முதலாளி தம் சுவரில் எதையும் எழுதிக்கொள்ளலாம். அரசுக் கட்டடம் அப்படியன்று. கூலித் தொழிலாளி யாருடைய தயவுமின்றி, உரிமையோடு நுழையும் இடம் அது. அங்கே ஒரு சாதியின் பெயர் எழுதப்பட்டிருக்கும்வரை, ‘இது எங்கள் பள்ளி’ என்று பூட்டுப்போட வருபவருக்கு அரசே சான்று தருகிறது.

ஆகவே இரண்டையும் சேர்த்தே கோருகிறோம். பலகையிலிருந்து சாதி நீங்க வேண்டும். அப்பலகையின் கீழே, நம் பெண்கள் சமைக்கும் சோற்றை எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ண வேண்டும். முதலாவதை ஓர் ஆணையால் செய்துவிடலாம். இரண்டாவதற்கு, எதிர்ப்பு எழும் முதல் நாளிலேயே சமையலரின் பக்கம் நிற்கும் அரசு வேண்டும்.